துடைப்பமும் தூக்குமேடையும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலே வெள்ளைக்காரத் தளபதி ஒருவனின் வெண்கலச் சிலை உண்டு. ஒரு காலத்தில் அது மவுண்ட் ரோடிலே, போவோர் வருவோர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், கம்பீரமாக நின்றது. பீடத்திலே புகழுரை பொறித்திருந்தனர். வங்கத்திலே பொங்கிய கலக வெள்ளத்தை முதன்முதலாகத் தடுத்து நிறுத்திய தீரன் என்று. அந்தச் சிலை நம் தெருவிலே நிற்கலாகாது என்று 1927-ஆம் ஆண்டு இளைஞர்கள் கிளம்பினர். கோடரி ஏந்திச் சென்று தாக்கினர், கைதாயினர், சிறைக்கதவு திறந்தது, மூடிற்று, மீண்டும் திறந்தது. கடலூர் அஞ்சலையம்மாள் போன்ற பெண்களும் சிறை புகுந்தனர். பத்தாண்டு கழித்து, 1937-இல், சிலை பெயர்த்தெடுக்கப்பட்டு அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது.

சிலை போன கதை பலருக்குத் தெரியும். சிலைக்குரியவன் செய்தது யாது என்று கேட்டால் மட்டும், ‘கொடியவன், 1857-இல் கொன்று குவித்தவன்’ என்ற அளவிலே விடை நின்றுவிடும். கொன்று குவித்த தளபதிகளுக்கு உலக வரலாற்றிலே பஞ்சமா என்ன! அந்த வரிசையிலே மற்றுமொருவன் என்றால், அவனைப் பற்றி எழுத ஏடு வேண்டியதில்லை, மையும் வேண்டியதில்லை. ஆனால் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் கான்பூரிலே போட்ட ஒரு கட்டளை இருக்கிறதே, அது வெறும் கொலைக் கட்டளையன்று. மதத்தையும் சாதியையும் மறுத்துப் பேசும் நம்மை நோக்கி அது ஒரு கேள்வியை வீசுகிறது. அந்தக் கேள்விக்கு நாம் விடையிறுத்தாக வேண்டும். ஏனெனில், எளிதில் வழுக்கி விழக்கூடிய இடம் அது.

நீல் பிறந்தது ஸ்காட்லாந்தில், அயர் நகரை அடுத்த வட்டாரத்திலே, 1810-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலே பயின்றான். பதினேழாவது வயதில், 1827-இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிலே சேர்ந்தான். சென்னைப் படை என்றதும் தமிழ்ச் சிப்பாய்களின் தலைவன் என்று எண்ணிவிட வேண்டாம். அவன் சேர்ந்தது, வெள்ளையரை மட்டுமே கொண்ட ‘மதராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்டு’. பெயர் நம் ஊருடையது, துப்பாக்கி பிடித்த கை அவர்களுடையது. (பின்னாளில் அதே பட்டாளம் அயர்லாந்தின் டப்ளின் நகரப் பெயரைச் சூட்டிக்கொண்டு வாழ்ந்து, 1922-இல் கலைக்கப்பட்டது. ஆதிக்கம் செய்வோன் தன் படைக்கு எந்த ஊர்ப் பெயரையும் இரவல் வாங்குவான்!) அந்தப் பட்டாளத்தின் வரலாற்றை எழுதி 1843-இல் நூலாகவும் வெளியிட்டான் நீல். பர்மாப் போரிலே இருந்தான். கிரிமியாப் போர்க்காலத்தில், துருக்கியரைக் கொண்டு ஆங்கிலேயர் அமைத்த படையிலே பணியாற்றினான். 1857-இல் இந்தியா திரும்பித் தன் பழைய பட்டாளத்துக்குத் தலைவனானான்.

முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளிலே அவன் பெயர் ஊரறியாத பெயர். பிறகு நான்கே மாதங்கள், 1857 மே இறுதியிலிருந்து செப்டம்பர் 25 வரை. சிலையும் புகழும் சாபமும் அந்த நான்கு மாத விளைச்சல்.

மீரத்திலே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி கேட்டு, தன் பட்டாளத்தோடு கல்கத்தா வந்திறங்கினான் நீல். ஹவுரா ரயில் நிலையத்திலே வண்டி புறப்படும் நேரம். அவனுடைய சிப்பாய்கள் இன்னும் வந்து சேரவில்லை. நேரமாயிற்று, காத்திருக்க இயலாது என்றனர் ரயில் அதிகாரிகள். நீல் வாதாடவில்லை, அவர்களைக் காவலில் வைத்தான், தன் ஆட்கள் கடைசி மனிதன் வரை ஏறியமர்ந்த பிறகே வண்டியை விட்டான். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் இந்த நிகழ்ச்சியைச் சுவைத்துச் சுவைத்து எழுதுவர். அஞ்சா நெஞ்சம், உடனே முடிவெடுக்கும் உறுதி, தன் ஆட்களைக் கைவிடாத பாசம். இருந்தன, மறுக்கவில்லை. இத்தனை நல்ல குணங்களையும் ஒருவன் வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பதைக் காண்போம்.

ஜூன் 4-ஆம் நாள் காசி. அங்கிருந்த சிப்பாய்ப் படையின் ஆயுதங்களைப் பறிக்க அணிவகுப்புக்கு அழைத்தனர். குழப்பம் மூண்டது, துப்பாக்கிகள் வெடித்தன, பீரங்கி முழங்கிற்று. அதைத் தொடர்ந்து, ஊரிலும் ஊரைச் சூழ்ந்த பகுதியிலும் தூக்குமரங்கள் முளைத்தன. அடுத்து அலகாபாத். அங்கே ஜூன் 6-ஆம் நாள் இரவு, 6-ஆவது காலாட்படையின் சிப்பாய்கள் எழுந்து தம் வெள்ளை அதிகாரிகளைக் கொன்றிருந்தனர். கோடை கொளுத்தும் ஜூன் 11-ஆம் நாள் நீல் வந்து சேர்ந்தான், நிற்கவும் இயலாத களைப்போடு. கோட்டையைக் காத்தான், சுற்றுவட்டாரத்தைச் சுட்டெரித்தான். கான்பூர் நோக்கி ரெனோ என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு படையை அனுப்பும்போது எழுத்திலே கட்டளை தந்தான்: இன்னின்ன ஊர்கள் அழிக்கப்பட வேண்டும், அங்குள்ள ஆண்கள் அனைவரும் கொல்லப்பட வேண்டும். லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையின் நிருபர் ரஸ்ஸல், அந்தப் படையோடு சென்ற அதிகாரி ஒருவர் கூறக்கேட்டு எழுதி வைத்திருக்கிறார்: இரண்டே நாளில் 42 பேர் சாலையோரத்தில் தூக்கிலிடப்பட்டனர், அவர்கள் போக, பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டனர், படை எதிர்ப்பட்ட வேளையில் அவர்கள் முகம் ‘தவறான திசையில்’ திரும்பியிருந்ததற்காக!

நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள், தோழர்களே. இவை ஜூன் மாதத்துச் செய்திகள். கான்பூரிலே ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது ஜூலை 15. ‘பெண்களும் பிள்ளைகளும் வெட்டுண்டதைக் கண்டு கொதித்துப்போன வீரன், கோபத்திலே சற்று அளவு மீறிவிட்டான்’ என்று நீலுக்காக வாதாடுவோர் உண்டு. மாதங்களின் வரிசையே அந்த வாதத்தை மடக்கிவிடுகிறது. காரணம் கிடைக்குமுன்னரே காரியம் தொடங்கிவிட்டது.

கான்பூர்க் கொடுமையை மறைக்கவோ குறைக்கவோ நாம் முற்படக்கூடாது. பீபிகர் என்ற சிறிய வீட்டிலே ஏறக்குறைய இருநூறு பெண்களும் குழந்தைகளும் அடைக்கப்பட்டிருந்தனர். ஆங்கிலப் படை நெருங்குகிறது என்ற செய்தி வந்ததும் அவர்களைக் கொன்றுவிடக் கட்டளை பிறந்தது. காவலிலிருந்த சிப்பாய்கள் அந்த வேலையைச் செய்ய மறுத்தனர் என்றும், பிறகு கசாப்புக்காரர் உள்ளிட்ட ஐந்து பேர் வாளோடு உள்ளே சென்றனர் என்றும் சான்றுகள் கூறுகின்றன. மறுநாள் உடல்கள் கிணற்றிலே வீசப்பட்டன. விடுதலைப் போர் என்ற பெயரைச் சொல்லி இதற்குத் திரைபோட எவருக்கும் உரிமையில்லை. குழந்தையின் கழுத்திலே விழுந்த கத்தி, எந்தக் கொடியின் கீழ் விழுந்தாலும் கொலைக் கத்தியே.

ஜூலை 20-ஆம் நாள் நீல் கான்பூர் வந்தான். வீட்டைப் பார்த்தான், உறைந்த குருதியைப் பார்த்தான். 25-ஆம் நாள் கட்டளை பிறந்தது. கொலைக் குற்றத்திலே தொடர்புடையவன் என்று தீர்ப்பளிக்கப்பட்ட ஒவ்வொருவனும், தூக்குமேடை ஏறுமுன் அந்த வீட்டுக்குள் கொண்டு செல்லப்பட வேண்டும். குருதிக் கறையிலே ஒரு சிறு பகுதியை அவன் தன் கையாலேயே துடைத்தெடுக்க வேண்டும். அவனவன் சாதிக்கு எது மிகமிக அருவருப்பானதோ, அந்த வகையிலே அந்த வேலை அமைய வேண்டும். மறுப்பவனுக்குச் சாட்டை. வேலை முடிந்ததும் கயிறு. விசாரணையைப் பற்றி நீல் கடிதத்தில் எழுதியதையும் சேர்த்துப் படித்தால்தான் முழுச் சித்திரம் கிடைக்கும்: பிடிபட்டவன் தன்னைக் குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்காவிட்டால் உடனே தூக்கு. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டியவனுக்கு இல்லை!

முதலில் அகப்பட்டவன் 6-ஆவது படையைச் சேர்ந்த ஒரு சுபேதார், உயர்குலப் பார்ப்பனன். தோட்டி என்று ஊரார் இழித்துரைக்கும் துப்புரவுத் தொழிலாளி ஒருவன் அழைத்துவரப்பட்டான். அவன் கையிலிருந்த துடைப்பம் சுபேதாரின் கையிலே திணிக்கப்பட்டது. சுபேதார் மறுத்தான், சாட்டை விழுந்தது, அலறினான், துடைத்தான், தூக்கிலே தொங்கினான், சாலையோரப் பள்ளத்திலே புதைக்கப்பட்டான். எரிக்க வேண்டிய உடலைப் புதைத்ததும் தண்டனையிலே சேர்ந்ததுதான். அடுத்து, கம்பெனியின் உரிமையியல் நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த ஒரு முஸ்லிம். அவன் தயங்கினான், அடித்தனர், குருதியை நாவினால் நக்கச் செய்தனர்.

பார்ப்பனனுக்குத் துடைப்பம், முஸ்லிமுக்கு நாக்கு. எவ்வளவு நுட்பமான ஆராய்ச்சி, பார்த்தீர்களா! இந்து எதற்கு அஞ்சுவான், இஸ்லாமியன் எதற்குக் கூசுவான் என்று மருத்துவன் நாடி பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்த்திருக்கிறான் நீல். மருத்துவன் நோயைத் தேடுவது தீர்ப்பதற்கு. இவன் தேடியது, எங்கே அழுத்தினால் அதிகம் வலிக்கும் என்று அறிவதற்கு.

இங்கேதான் நம் நெஞ்சின் ஓரத்திலே ஒரு சிறு புன்னகை அரும்பக்கூடும். அரும்பினால் வியப்பில்லை. தீண்டினால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு, எதிரே வந்தால் தீட்டு என்று எத்தனை நூற்றாண்டுகள்! அந்தக் குலத்திலே பிறந்தவன் கையிலே ஒருநாள், ஒரே ஒரு நாழிகை, துடைப்பம் ஏறிற்று என்றால், ‘நன்றாக வேண்டும்’ என்று சொல்லத் தோன்றாதா? சாதிச் செருக்கை அடக்கிய அந்த ஒரு காரியத்துக்காவது நீலைப் பாராட்டலாமே என்று துடிப்புள்ள ஒரு தோழன் கேட்கலாம். கேட்கட்டும். நாம் அந்தத் தோழனை அழைத்துக்கொண்டு பீபிகர் வீட்டுக்குள் செல்வோம். சுபேதாரைப் பார்ப்பதை விட்டு, அவனுக்குப் பக்கத்திலே நிற்பவனைப் பார்ப்போம்.

துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறானே, அந்தத் துப்புரவுத் தொழிலாளி! அவன் நாள்தோறும் விடியலிலே எடுப்பது அந்தத் துடைப்பத்தைத்தான். அவன் தந்தை எடுத்தது, அவன் மகன் எடுக்கப் போவது. அவன் வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. அந்தத் துடைப்பத்தை இன்று ஒரு வெள்ளைக்காரத் தளபதி, சாட்டைக்கும் தூக்குக் கயிற்றுக்கும் நடுவிலே, மூன்றாவது தண்டனைக் கருவியாக அரசாங்க முத்திரையோடு வைத்துவிட்டான். அவன் போட்ட கட்டளையின் பொருள் என்ன? சாவைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. அதுதான் இவனுடைய வேலை. இவன் கை பட்ட பொருளைத் தொடுவது. வருணம் வகுத்த சாத்திரங்கள் வேறென்ன சொல்லின? அவை வடமொழிச் சுலோகத்திலே சொல்லின. நீல் ராணுவக் கட்டளையிலே சொன்னான். அந்த அறையிலே இழிவு யார்மீது விழுந்தது? தொங்கப் போகும் சுபேதாருக்கு அது ஒரு நாழிகை இழிவு. துடைப்பத்தை மீண்டும் வாங்கிக்கொண்டு வெளியே போனானே, அவனுக்கு வாழ்நாள் முழுவதும்.

இன்னொரு வகையிலும் எண்ணிப் பார்க்கலாம். சாதியிலும் தீட்டிலும் எள்ளளவும் நம்பிக்கையில்லாத ஒருவனை அந்த வீட்டுக்குள்ளே தள்ளி, துடைப்பத்தைக் கொடுத்து, கறையைத் துடை என்றால் என்ன செய்வான்? குருதியின் கோரம் கண்டு கலங்குவான். கொல்லப்பட்ட குழந்தைகளை எண்ணிக் கண்ணீர் சிந்துவான். துடைப்பான். மாண்டவர்க்குச் செய்யும் கடைசி மரியாதை என்றுகூட எண்ணித் துடைப்பான். நீலின் தண்டனை அங்கே தண்டனையாக இராது; வெறும் வேலையாகிவிடும். ஆகவே நீலுக்குச் சாதி வேண்டும், தீட்டு வேண்டும், மறுமையைப் பற்றிய அச்சம் குன்றாமல், குறையாமல், பசுமையாக வேண்டும். மூடநம்பிக்கை பட்டுப்போனால் அவன் சாட்டைக்குப் பாதி வலிமை போய்விடும். அத்தகையவனைச் சாதியை அடக்கியவன் என்பதா, சாதிக்கு நீர் வார்த்தவன் என்பதா?

பூச்சாண்டி வருகிறான் என்று சொல்லிக் குழந்தையை மிரட்டும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். சொல்பவருக்குப் பூச்சாண்டியிலே நம்பிக்கை கிடையாது. எனினும் குழந்தையின் அச்சம் அவருக்குப் பயன்படுகிறது. பூச்சாண்டி இல்லை என்று விளக்கி இருட்டறைக்கு விளக்கேற்றிக் கையைப் பிடித்து அழைத்துச் செல்பவர் வேறு. அதே இருட்டறையில் குழந்தையைத் தள்ளித் தாழிடுபவர் வேறு. இருவருமே பூச்சாண்டியை நம்பாதவர்கள்தாம்! நம்பாமை மட்டும் ஒருவனைப் பகுத்தறிவாளனாக்கிவிடாது என்பதற்கு நீலைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

மேலும், சாதி போவது என்பது அந்நாளைய சிப்பாய்க்கு வெறும் கற்பனை அச்சமா? சாதியிழந்தவனோடு ஊரார் உண்ணமாட்டார்கள். அவன் வீட்டிலே பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். செத்தால் பாடை தூக்கத் தோள் கிடைக்காது. நம்பிக்கை பொய், அதன் விளைவு மெய். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்ற பேச்சு ஏன் ஒரு பேரரசை உலுக்கிற்று என்பதை இதைக்கொண்டே உணரலாம். தூக்கிலே தொங்குபவனோடு முடிந்துவிடாமல், ஊரிலே அவன் விட்டுவந்த மனைவி மக்களையும் போய்த் தாக்க வேண்டும் என்பதே அந்தத் தண்டனையின் உட்கிடை. குழந்தைகளைக் கொன்றதற்குத் தண்டனை, குழந்தைகளைத் தேடிப் போகும் தண்டனை!

அப்படியானால், மூடப்பழக்கத்தின்மீது அரசு கைவைக்கவே கூடாதா என்று கேள்வி எழும். எழத்தான் வேண்டும். நம் வேலூரையே எடுத்துக்கொள்வோம். 1806-இல், சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடக் ஒரு புதிய ஒழுங்கு கொண்டுவந்தான்: அணிவகுப்பிலே நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி மீசைக்கு அளவு உண்டு, புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும். நெற்றிக்குறியை அழிக்கச் சொன்னானே, அவன் என்ன சீர்திருத்தக்காரனா? பொம்மைகளைப்போல ஒரே வரிசையாகச் சிப்பாய்கள் நின்றால் பார்க்க அழகாயிருக்கும் என்பதற்கு மேல் அவனுக்கு வேறு கொள்கை கிடையாது. ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் கோட்டை வெடித்தது. பிறகு கிராடக்கும் போனான், ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார். கம்பெனி அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடமோ விசித்திரமானது: சாதியைத் தொடாதே, தடவிக்கொடு! வங்காளப் படையிலே அவ்வாறே தடவிக்கொடுத்தார்கள். உயர்குலத்தாரையே பெரிதும் தேடிச் சேர்த்தார்கள். அரை நூற்றாண்டு அதை ஊட்டி வளர்த்தார்கள். ஊட்டி வளர்த்த அதே சாதியைத்தான் 1857-இல் நீல் சாட்டையாக முறுக்கினான்.

ஆனால், வேலூருக்காகப் பதவியிழந்த அதே பெண்டிங், தலைமை ஆளுநராகத் திரும்பி வந்து, 1829 டிசம்பரிலே உடன்கட்டை ஏறுதலைச் சட்டத்தால் ஒழித்தார். அதுவும் நம்பிக்கையின்மீது வீழ்ந்த அடிதான். வைதீகர் கூக்குரலிட்டனர், லண்டன் வரை முறையிட்டனர், அரசு அசையவில்லை. இந்த வன்மையை நாம் வரவேற்கிறோம்; நீலின் வன்மையை வெறுக்கிறோம். ஏன்? பெண்டிங்கின் சட்டம், நெருப்புக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவிலே போய் நின்றது. வழக்கத்துக்கு இரையாகவிருந்த ஓர் உயிரை அது மீட்டது. மீட்க மீட்க அந்த வழக்கம் மெலிந்தது. நீலின் கட்டளை யாருக்கு நடுவிலே நின்றது? எந்த உயிரை மீட்டது? பீபிகரிலே மாண்டவர்களுக்கு அதனால் மூச்சு திரும்பவில்லை. தோட்டியின் முதுகு நிமிரவில்லை. தீட்டு என்ற எண்ணம், மெலிவதற்குப் பதில், மரணத்தோடு கைகோத்து முன்னிலும் பெரிதாக எழுந்து நின்றது. சட்டம் மூடத்தனத்தோடு மோதலாம். மூடத்தனத்தைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளலாகாது.

இனி, நீலின் மனச்சான்றைப் பற்றி. அவன் இரவிலே உறங்கினானா? நன்றாக உறங்கியிருப்பான்! கான்பூரிலிருந்து எழுதிய கடிதத்திலே, இது விசித்திரமான சட்டந்தான், ஆனால் இந்த வேளைக்குப் பொருந்தும் என்ற கருத்தை எழுதிவிட்டு, ஆண்டவனின் ஆசியாலும் துணையாலும் இந்த வழியிலே நிற்பேன், இதிலே அவன் விரலையே காண்கிறேன் என்ற பொருளிலும் எழுதியிருக்கிறான். கடவுளின் விரல்! கூனிக் குருதி துடைப்பவன் முதுகிலே சாட்டை விழும்போது, அந்த வீட்டிலே அவன் கண்ட விரல் கடவுளுடையது. அவன் நடிக்கவில்லை. உளமார நம்பினான். அதுதான் கொடுமை. தன் கடவுள் மெய், பிறர் நம்பிக்கை பொய் என்று கருதியவன், பொய்யென்று தான் கருதிய ஒன்றையே ஆயுதமாக எடுத்தான்; எடுத்த கைக்கு மெய்யென்று கருதிய கடவுளின் பெயரால் உறை போட்டுக்கொண்டான். ‘உண்மையாக நம்பித்தானே செய்தான்’ என்று ஒருவனுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். பீபிகரிலே கட்டளையிட்டவர்களும் அறத்தின் பெயரையும் மதத்தின் பெயரையும் சொன்ன ஒரு போரிலேதான் நின்றார்கள். உண்மையான நம்பிக்கை என்பது செயலுக்குத் தரும் நற்சான்றன்று. செய்தவனுக்கு நல்ல உறக்கத்தை மட்டும் அது உறுதி செய்யும்.

‘அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதனை அளக்கலாமா’ என்பது மற்றொரு பரிவுரை. அன்றைய அளவுகோலாலேயே அளப்போம். நீல் கட்டளையிட்ட ஒரே வாரத்தில், ஜூலை 31-ஆம் நாள், தலைமை ஆளுநர் கானிங், கண்மூடித்தனமாகத் தூக்கிலிடுவதையும் ஊர்களை எரிப்பதையும் கட்டுப்படுத்த ஆணை பிறப்பித்தார். ஆங்கிலேயர் அவரை ‘கருணைக் கானிங்’ என்று பட்டம் சூட்டி எள்ளி நகையாடினர். தலைமைத் தளபதி காலின் காம்பெல் கான்பூர் வந்ததும் நீலின் குருதி துடைக்கும் சடங்கை நிறுத்தினார். அவரும் தளபதிதான், ஸ்காட்லாந்துக்காரர்தான், அதே கடவுளை வணங்கியவர்தான், அதே கிளர்ச்சியை அடக்க வந்தவர்தான். காலம் ஒன்று, நாடு ஒன்று, மதம் ஒன்று, தொழிலும் ஒன்று. ஒருவர் நிறுத்தினார், ஒருவன் தொடங்கினான். காலத்தின்மீது பழிபோட இடமேது?

செப்டம்பர் 25-ஆம் நாள், முற்றுகையிலிருந்த ஆங்கிலேயரை மீட்க லட்சுமணபுரி என்ற லக்னோ நகருக்குள் படை புகுந்தபோது, ஒரு வளைவு வாயிலருகே தலையிலே குண்டு பாய்ந்து நீல் மாண்டான். வயது 47. வாயிலுக்கு அவன் பெயர் வைத்தனர். பிறந்த வட்டாரத்து அயர் நகரிலே ஒரு சிலை, சென்னையிலே ஒரு சிலை. அந்தமான் கடலிலே ஒரு தீவுக்கும் அவன் பெயர் போயிற்று. 2018 டிசம்பரிலேதான் அந்தப் பெயர் நீங்கி அது ‘ஷஹீத் தீவு’ ஆயிற்று.

நீல் மறைந்து முப்பதாண்டு. 1887 மார்ச்சு மாதம், மத்திய இந்தியாவிலே ஆகர் என்ற ஊர். குதிரைப்படை அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது. படைத் தலைவன் மேஜர் நீல், நம் தளபதியின் மகன். அணியிலே நின்ற மஜர் அலி என்ற சவார், அவனைச் சுட்டுக் கொன்றான். 93-ஆவது ஹைலாண்டர் பட்டாளத்திலே சார்ஜெண்டாக இருந்த ஃபோர்ப்ஸ்-மிட்செல் பின்னாளில் எழுதிய நினைவு நூலிலே இதற்கொரு பின்கதை கூறுகிறார். நீதிமன்றம் ஆராய்ந்து கண்ட முடிவன்று, அவர் கேட்டறிந்த கதை. கான்பூரிலே சபர் அலி என்ற குதிரைப்படை வீரன் பிடிபட்டானாம். படகுத்துறையிலே ஜெனரல் வீலரை வெட்டியவன் என்பது குற்றச்சாட்டு. இல்லை, இல்லை என்று கடைசிவரை மறுத்தானாம். துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டே அவனைச் சாட்டையால் அடிக்கச் செய்து, குருதியை நக்கச் செய்து, தூக்கிலிட்டனர். கயிறு கழுத்தில் விழுமுன் அவன் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, ஊரிலே தனக்கு ஒரு கைக்குழந்தை உண்டு, பெயர் மஜர் அலி, வளர்ந்ததும் அவனிடம் இதைச் சொல்லுங்கள் என்றானாம்.